ஏற்றத்துக்கு எத்தனை நடை

எனக்குப் புரியாத ஒன்றை யாராவது "இது ரொம்பச் சுலபம்" என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். இன்றைக்கும் அப்படித்தான். ஹைஸ்கூலில் கடைசி வருஷம் முழுக்க நான் அந்தக் கோபத்தோடுதான் நடமாடினேன். நேர்கோட்டுக்குச் சமன்பாடு எழுதுவது ரொம்பச் சுலபம் என்று வகுப்பே சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு புள்ளிகளைக் கொடுப்பார்கள். இரண்டையும் சேர்க்கும் கோட்டின் சாய்வைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு m என்று பெயர். பிறகு y = mx + c என்ற சட்டையை அந்தக் கோட்டுக்குப் போட்டுவிட வேண்டும். அவ்வளவுதான். நானும் அவ்வளவையும் செய்தேன். பெருக்கலில் பிசகு இல்லை, கூட்டலில் பிசகு இல்லை. கடைசியில் வந்து நிற்கும் கோடு மட்டும் வேறு யாருடைய கோடாகவோ இருந்தது.

எங்கள் கணக்கு வாத்தியார் அடிக்க மாட்டார். நாக்கே போதும் அவருக்கு. ஒருநாள் (2, 3), (4, 7) என்று இரண்டு புள்ளிகளைப் போட்டு என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். நான் m = ½ என்று எழுதி, y = ½x + 2 என்று முடித்தேன். அவர் சாக்கட்டியால் என் கோட்டைத் தட்டினார்.

"முதல் புள்ளி வீட்டுக்குப் போய்க் கை நனைச்சுட்ட. ரெண்டாவது புள்ளி வீட்டு வாசலைக்கூட மிதிக்காம வந்துட்டியே. அவங்க என்ன பாவம் பண்ணாங்க?"

வகுப்பு சிரித்தது. உண்மைதான், முதல் புள்ளியைத் தொட்ட கோடு இரண்டாவதுக்கு எவ்வளவோ கீழே போய்க்கொண்டிருந்தது. இன்னொரு நாள் மெல்லச் சாய்ந்து போக வேண்டிய கோட்டை நான் பனைமரம் மாதிரி நிறுத்திவிட்டேன். "உன்கிட்ட படுக்க வேண்டியது நிக்குது, நிக்க வேண்டியது படுக்குது" என்றார் வாத்தியார். எப்போதாவது m = 1 வருகிற கணக்கு அமைந்துவிட்டால் சரியாகப் போட்டுவிடுவேன். அதனால்தான் என் வியாதி யாருக்கும் பிடிபடவில்லை. கவனக்குறைவு என்றார்கள். பின் வரிசையில் ஒருவன், மலைக்காரனுக்கு மண்டையில் ஏறாது என்றான். அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். விலக்கிவிட நான்கு பேர் வேண்டியிருந்தது.

நான் கொல்லிமலைக்காரன். திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர். அங்கே புல் வேய்ந்த ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, ஒரே வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரைக்கும். நான் படித்ததும் அங்கேதான். ஆனால் கீழேயிருந்து எந்த வாத்தியார் வந்தாலும் மலைக்காய்ச்சல் கண்டு, கம்பளியோடு டோலியில் இறங்கிப் போய்விடுவார். அந்த வருஷம் தணிக்கைக்கு ஏறி வந்த அதிகாரி பூட்டிக் கிடந்த கட்டடத்தைப் பார்த்தார். மலையிலேயே தங்கக்கூடிய, ஹைஸ்கூல் பாஸ் பண்ணின ஆள் ஒருவன் ஆனி மாதத்துக்குள் கிடைத்தால் பள்ளிக்கூடம் இருக்கும், இல்லாவிட்டால் அதை எடுத்துவிட வேண்டியதுதான் என்று சொன்னார். எங்கய்யன் கும்பிட்டுவிட்டு, "எம்பையன் பாஸ் பண்ணிட்டு வந்துருவானுங்க" என்று சொல்லிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாடு முழுக்க அந்தப் பேச்சு பரவிவிட்டது. மிளகு பறிக்கப் போகிற பெண்கள்கூட என்னைப் பார்த்தால், "வாத்தியாரே, எப்ப வாரீங்க?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இந்த நிலையில் பள்ளியில் நடந்த செலக்‌ஷன் பரீட்சையில் கணக்கில் தவறினேன். அதில் தேறாதவனைப் பெரிய பரீட்சைக்கு அனுப்ப மாட்டார்கள். வாத்தியார் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் பரவால்ல. நேர்கோடு வந்த எடத்துல எல்லாம் பள்ளம். திங்கக்கிழமை நேர்கோடு மட்டும் ஒரு தாள் தர்றேன். தேறினா பேரை அனுப்பறேன். இல்லன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

அடுத்த வருஷம் நான் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடம் காத்திருக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்று வந்துவிட்டேன்.

நான் தங்கியிருந்தது காளப்பநாயக்கன்பட்டியில், என்னோடு படித்தவன் ஒருவன் வீட்டில். தாராளமான உடம்பு, அதைவிடத் தாராளமான வாய். படிப்பில் சுமார், ஆனால் நேர்கோடு மட்டும் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்று ராத்திரி நான் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவன் அம்மா, "ஏஞ்சாமி, கணக்கு வல்லீன்னா சோறுமா எறங்காது? தின்னு கண்ணு" என்றார்கள். "அவனுக்குக் கோடெல்லாம் படுத்துக்குதும்மா, எழுப்பி உடோணும்" என்றான் அவன். நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனேன்.

சனிக்கிழமை காலையில் சாமை மாவு எடுத்துவர நான் மலைக்குப் போக வேண்டியிருந்தது. அவனும் வருகிறேன் என்றான். மலைவாழைப்பழத்தை மரத்தடியிலேயே உட்கார்ந்து தின்ன வேண்டுமாம். வழியெல்லாம் கணக்குச் சொல்லித் தருகிறேன் என்றும் சொன்னான். பனி இன்னும் விலகாத நேரத்தில் ஏற ஆரம்பித்தோம். அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவன், அதுவரை ஒருமுறைகூட மேலே ஏறியதில்லை.

கொஞ்ச தூரத்திலேயே மூச்சு வாங்கியது. "இனிமே தடம் எப்படிடா?" என்றான்.

"இது ஏத்தத்துக்கு நாலு. அந்தப் புளியமரம் தாண்டுனா மூணு" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. மூன்று வந்தது. அப்புறம், "இனி ரெண்டு" என்றேன். அவன் பேச்சை நிறுத்தியிருந்தான், ஆனால் முகத்தில் இன்னும் நம்பிக்கை இருந்தது. வளைவு ஒன்றில் மறுபடியும் கேட்டான். "ஒண்ணு" என்றேன். "ஒண்ணுதானே, வா" என்று எனக்கு முன்னால் விறுவிறுவென்று போனான். சற்று நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது ஒரு பாறையின் மேல் மல்லாந்து கிடந்தான்.

"ஏண்டா, நாலு மூணாச்சு, மூணு ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. கொறையுது கொறையுதுன்னு சொல்லிச் சொல்லியே என்னையக் கொல்லப் பாக்கறயா?"

"கொறைஞ்சா செங்குத்து. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"எந்த ஊர்லடா கொறைஞ்சா செங்குத்து?"

"எங்க ஊர்ல."

"உங்க ஊர்ல தலையில நடப்பீங்களா?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோலைப் பாறையில் ஓங்கி ஊன்றினேன். எங்கள் பக்கத்தில் சுமை தூக்குகிற எவனிடமும் ஆளுயரத்துக்கு ஒரு கோல் இருக்கும். அதை நிறுத்தினால் ஒரு ஏற்றம். முன்னால் தரைமட்டமாக நீட்டினால் ஒரு நடை. ஓர் ஏற்றம் மேலே போக எத்தனை நடை முன்னால் போக வேண்டும் என்பதுதான் தடத்தின் கணக்கு. நடை நிறைய இருந்தால் சுகமான தடம். குறையக் குறையச் சுமைக்காரன் பாடு திண்டாட்டம். பெண் கொடுக்கிறவர்கள்கூட, தண்ணீருக்குப் போகிற தடம் ஏற்றத்துக்கு எத்தனை நடை என்று விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இரண்டுக்குக் குறைவென்றால் பெண்ணின் அம்மா யோசிப்பாள். இதையெல்லாம் நிறுத்தியும் நீட்டியும் அவனுக்குக் காட்டினேன். சண்டையாகத்தான் காட்டினேன்.

அவன் எழுந்து உட்கார்ந்தான். சுள்ளி ஒன்றை எடுத்து மண்ணில் இரண்டு அச்சுகள் கிழித்து, வாத்தியார் கொடுத்த அதே இரண்டு புள்ளிகளைக் குத்தினான்.

"இதுக்கு m சொல்லு."

"அரை."

"எப்படி?"

"மேல போறது நாலு. முன்னால போறது ரெண்டு. அப்ப ஒரு ஏத்தத்துக்கு அரை நடை."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான், இருமல் வரும் வரைக்கும் சிரித்தான். "அடப் பாவி, வாத்தியாரு கேக்கறது ஒரு நடைக்கு எத்தனை ஏத்தம்னுடா. நீ ஒரு ஏத்தத்துக்கு எத்தனை நடைன்னு சொல்லிக்கிட்டிருக்கற. நீ தப்பாவே போடல. சரியாத்தான் போடற, தலைகீழா."

வகுப்பில் வாத்தியார், சாய்வு என்பது ஏற்றத்துக்கும் நடைக்கும் உள்ள விகிதம் என்று சொன்ன அன்றே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். புதிதாக என்ன இருக்கிறது அதில், பிறந்ததிலிருந்து கேட்கிற பேச்சுதானே. அதனால்தான் எதை மேலே போட வேண்டும், எதைக் கீழே போட வேண்டும் என்று நான் ஒருநாளும் கவனிக்கவில்லை. m = 1 மட்டும் ஏன் சரியாக வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஒன்றைத் தலைகீழாக்கினாலும் ஒன்றுதான்.

நான் அந்தப் பாறையில் உட்கார்ந்து அழுதேன். மண்டையில் ஏறாதவன் என்று மற்றவர்கள் சொன்னபோது சட்டையைப் பிடித்தேனே தவிர, உள்ளுக்குள் நானும் அதை நம்ப ஆரம்பித்திருந்தேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அதற்கு மேல் அவன் ஏற மறுத்துவிட்டான். எனக்கும் கீழே போய்க் கணக்குப் போட வேண்டும் என்று கை பரபரத்தது. மாவும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. வெறுங்கையோடு வந்து நின்ற எங்களைப் பார்த்து அவன் அம்மா, "மலையத் தொட்டுக் கும்புட்டுட்டு வந்துட்டீங்களாக்கும்" என்றார்கள்.

புரிந்துவிட்டது, இனி என்ன என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் கை கேட்கவில்லை. ஏற்றத்தை மேலே போடு என்று மனசு சொல்லும், கை நடையை மேலே போட்டுவிடும். திருத்தினால், திருத்தினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து மறுபடியும் திருத்திவிடுவேன். மாலைக்குள் சரியும் தெரியவில்லை, தப்பும் தெரியவில்லை. பென்சிலை வீசி எறிந்தேன். அது மாட்டுத் தொட்டியில் போய் விழுந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு காலி வகுப்பில் என்னை உட்காரவைத்து வாத்தியார் தாளைக் கொடுத்தார். முதல் கணக்கே பழைய சாயல், (3, 5), (5, 9). அப்போது ஒரு முடிவுக்கு வந்தேன். வருவது எங்கள் ஊர்க் கணக்குத்தான் என்றால் அதையே எழுதுவது, எழுதி முடித்துவிட்டு மெதுவாகத் திருப்பிக்கொள்வது. y-ஐ விட்டுவிட்டு x-இலிருந்து ஆரம்பித்தேன். இவ்வளவு ஏறினால் எவ்வளவு நடந்திருப்பேன் என்று எழுதினேன். x = ½y + ½ என்று வந்தது. இரண்டால் பெருக்கி, பக்கம் மாற்றினேன். y = 2x − 1. இரண்டு புள்ளிகளையும் போட்டுப் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் கை நனைத்திருந்தது.

வாத்தியார் என் பின்னால் வந்து நின்றார். x என்று தொடங்கியிருந்த வரியைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் நிமிரவில்லை.

அப்புறம் (3, 1), (3, 7) என்று ஒரு கணக்கு. வகுப்பில் எல்லோரும் பயப்படுகிற கணக்கு அது. நடை சைபர், சைபரால் வகுக்க முடியாது, m கிடையாது என்று திணறுவார்கள். எனக்கு அது வெறும் பாறை. எத்தனை ஏறினாலும் நடை இல்லை, நிற்கிற இடம் மூன்று. x = 3 என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

அடுத்தது (1, 5), (6, 5).

அங்கே மாட்டிக்கொண்டேன். நடை ஐந்து, ஏற்றம் சைபர். ஓர் ஏற்றத்துக்கு எத்தனை நடை என்றால் என்ன சொல்வது? ஏற்றமே இல்லையே. சமதரைக்காரர்களுக்குச் செங்குத்து எண்ணில் அடங்காது, எங்களுக்குச் சமதரை எண்ணில் அடங்காது. சின்னப் பையன்கூடப் போட்டுவிடுகிற கணக்கு, நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்தேன். எங்கய்யன் கும்பிட்ட கை ஞாபகம் வந்தது.

மலையிலிருந்து முதன்முதலாக இறங்கி வந்து, இந்த ஹைஸ்கூலுக்கு நடந்த ரோடும் ஞாபகம் வந்தது. நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மலையில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் எங்கே இருக்கிறோம் என்று கால் சொல்லிவிடும். அந்த ரோட்டில் என் காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எங்கே போனாலும் அதே மட்டம். ஊரை விட்டு வந்த வருத்தத்தைவிட அதுதான் அன்றைக்கு என்னை அதிகமாகக் கலக்கியது.

எங்கே போனாலும் அதே மட்டம். அட, அதுதானே விடை. எவ்வளவு நடந்தாலும் ஐந்துதான். y = 5 என்று எழுதினேன். பயந்து பயந்துதான் எழுதினேன்.

வாத்தியார் தாளை வாங்கி நின்றபடியே பார்த்தார். முதல் பக்கத்தைப் படித்தார், திரும்பவும் படித்தார்.

"விடை அத்தனையும் சரி. எதுக்குடா எல்லாத்தையும் x-ல ஆரம்பிச்ச?"

சொன்னேன். கோல் இல்லாததால் அவர் மேஜையில் இருந்த அளவுகோலை நிறுத்தியும் படுக்கவைத்தும் சொன்னேன். அவர் அதை வாங்கித் தானும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார்.

"பேரை அனுப்பறேன்" என்றார் கடைசியில். "ஆனா ஒண்ணு. பெரிய பரீட்சைத் தாளைத் திருத்தறவருக்கு உன் மலையைத் தெரியாது. இப்படிச் சுத்தி வளைச்சு எழுத நேரமும் இருக்காது. நேரா எழுதப் பழகு. ஒரு நடைக்கு எத்தனை ஏத்தம். அதையே நெனைச்சுக்கிட்டிரு. வாயில வந்துட்டாக் கையில வந்துரும்."

அப்படியே பழகினேன். நண்பன் என்னை விடவில்லை. பள்ளிக்குப் போகிற வழியில் வைக்கோல் போரில் சாத்தியிருக்கும் ஏணியைக் காட்டுவான். "m?" மூன்று என்பேன். ஓட்டுக்கூரையைக் காட்டுவான். அரை என்பேன். சாய்ந்த தென்னை, முன்பக்கம் தூக்கி நிறுத்திய வண்டி, கிணற்றுப் படி எதையும் அவன் விட்டுவைக்கவில்லை. முதலில் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுத்தான் சொன்னேன். பங்குனி வாக்கில் யோசிக்காமல் வந்தது. அவனோ விளையாட்டாக எங்கள் ஊர்க் கணக்கைப் பிடித்துக்கொண்டான். அம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தால், "அம்மி ஏத்தத்துக்குப் பத்து நடை" என்று கத்துவான். "எனக்கு நடையே வாண்டாம், நீ வெறகு பொளந்து போடு சாமி" என்பார்கள்.

பரீட்சை எழுதினேன். நேர்கோட்டுக் கணக்குகள் வந்தன, ஏற்றத்தை மேலே போட்டேன். பாஸ் பண்ணிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு ஆள் கிடைத்துவிட்டான் என்று உத்தரவு வந்தபோது எங்கய்யன் அந்தக் காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நாடு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் பழைய கரும்பலகை கறையான் தின்று கிடந்தது. அடிவாரத்தில் ஆசாரி ஒருவரிடம் சின்னதாக ஒன்று செய்து வாங்கினோம். அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று நண்பன் நின்றான். அந்த மலை தனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் பாக்கி வைத்திருக்கிறது என்றான். சும்மாடு வைத்துப் பலகையைத் தலையில் ஏற்றிக்கொண்டான். நான் சிலேட்டுகளும் சாக்கட்டியும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். மேலே பிள்ளைகள் காலையிலிருந்தே வந்து காத்திருப்பதாக, இறங்கி வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வளைவுக்கு வளைவு அவன் கேட்டுக்கொண்டே வந்தான். "ஏத்தத்துக்கு எத்தனை?" நாலு என்றேன், மூன்று என்றேன். "ரெண்டு வருமே, நெனப்பு இருக்குது" என்று இப்போது அவனே சொன்னான். அன்றைக்குத் தான் மல்லாந்து கிடந்த பாறையைத் தாண்டியபோது அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்தான். அதற்கு மேல் அவனுக்குப் புதுத் தடம். என் மனசு அதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. முதல் நாள் பிள்ளைகளிடம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"இனி எத்தனைடா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டுதானே" என்று சந்தோஷமாகப் புதரைச் சுற்றிக்கொண்டு போனான். போனவன் அங்கேயே நின்றுவிட்டான். எதிரே பாறை நிமிர்ந்து நின்றது. சுமைக்காரர்கள் சுமையைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுகிற இடம் அது, வேரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற வேண்டும். பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அவனால் அண்ணாந்துகூடப் பார்க்க முடியவில்லை. மெல்ல இறக்கிச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இதுவா ரெண்டு?"

"ஆமா. ஒரு நடைக்கு ரெண்டு ஏத்தம்" என்றேன்.

சிரிப்பான், திட்டுவான் என்று நினைத்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை.

"அது வாத்தியாரு சொல்ற ரெண்டு. உங்க ஊர்க் கணக்குல சொல்லு" என்றான்.

சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அந்தப் பாறையில் நான் நினைவு தெரிந்த நாளிலிருந்து ஏறி இறங்கியிருக்கிறேன். மேலே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. இரண்டை எடுத்துக்கொண்டேன், தலைகீழாக்கினேன், மேலே ஒன்றைப் போட்டேன்.

"அரை" என்றேன்.

அந்தப் பாறைக்கு நான் கணக்குப் போட்டுச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.